பட்டியல் எங்கே? எழுந்து கேளுங்கள், தோழர்களே!

ஒரு கேள்விக்குப் பதில் சொல்லுங்கள். கொரோனா காலத்தில் விவசாயி பேரைச் சொல்லி அரசாங்கம் பணம் கொடுத்தது. அந்தப் பணம் உங்கள் ஊரில் யார் யார் கணக்கில் ஏறியது? உங்கள் தெருவில் யாருக்கு வந்தது? யாருக்கு வரவில்லை? யாருக்கு வந்து, பிறகு பிடுங்கப்பட்டது?

தெரியாது. உங்களுக்குத் தெரியாது. எனக்கும் முழுசாகத் தெரியாது. தெரிந்தவர் சொல்லவில்லை. நாமும் கேட்கவில்லை.

அநியாயம் நடந்ததா இல்லையா என்று விவாதம் நடத்த நான் வரவில்லை. நடந்தது. நாடாளுமன்றத்திலேயே எண்ணிக்கையோடு ஒத்துக்கொண்டார்கள். இனி ஒன்றுதான் தெரிய வேண்டும். நாம் வாயைத் திறப்போமா, மாட்டோமா?

அந்த மார்ச் மாதத்தை நினைத்துப் பாருங்கள். 2020 மார்ச். பஸ் இல்லை. சந்தை இல்லை. தர்பூசணி வயலிலேயே அழுகியது. வாழைத்தார் மரத்திலேயே பழுத்து விழுந்தது. பறித்த பூவை வாங்க ஆளில்லாமல் வாய்க்காலில் கொட்டினோம். மே மாதம் கோயம்பேட்டையும் பூட்டினார்கள். கையில் காசு இல்லை. கடன்காரனுக்கு மட்டும் ஊரடங்கு இல்லை.

மார்ச் 26ஆம் தேதி நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் நிவாரணம் அறிவித்தார். 8.7 கோடி விவசாயிகளுக்கு ஏப்ரல் முதல் வாரத்திலேயே ஆளுக்கு 2,000 ரூபாய் என்றார். எல்லாத் தொலைக்காட்சியிலும் அதுதான் ஓடியது.

அது புதுப் பணமா? இல்லை, தோழர்களே, இல்லை. அது பிரதமரின் கிசான் திட்டப் பணம், பி.எம். கிசான். அதற்கு முந்தைய வருஷமே தொடங்கியது. வருஷத்துக்கு 6,000 ரூபாய், மூன்று தவணை. 2020-21ஆம் வருஷத்தின் முதல் தவணையைக் கொஞ்சம் முன்னாலேயே போட்டுவிட்டு, அதற்கு நிவாரணம் என்று பெயர் வைத்தார்கள். எப்படியும் வரவேண்டிய பணத்தைக் கொடுத்துவிட்டு, பேரிடர் காலத்து உதவி என்று கணக்கில் சேர்த்துக்கொண்டார்கள்.

சரி, அந்தப் பணமாவது உழுகிறவன் கைக்கு வந்ததா?

2019 பிப்ரவரி 1ஆம் தேதி நிலப் பதிவேட்டில் யார் பெயர் இருந்ததோ அவருக்கு வந்தது. பட்டா வைத்திருந்தவருக்கு வந்தது. சென்னையில் குடியிருந்து வருஷத்துக்கு ஒருமுறை குத்தகை நெல் வாங்க மட்டும் ஊருக்கு வருகிறவருக்கும் வந்தது. கோயில் நிலத்தைத் தலைமுறை தலைமுறையாக உழுகிறவருக்கு வரவில்லை. வாரத்துக்குப் பயிர் வைக்கிறவருக்கு வரவில்லை. புருஷன் பேரிலோ மாமனார் பேரிலோ பட்டா இருக்க, நாற்று நட்டு, களையெடுத்து, கதிர் அறுத்து, களம் தூற்றுகிற பெண்ணுக்கு வரவில்லை. கூட்டுப் பட்டாவில் சிக்கிக்கொண்ட தம்பிக்கு வரவில்லை. நிலமே இல்லாத கூலிக்காரருக்குத் திட்டத்தில் இடமே இல்லை.

குத்தகைதாரர் உரிமையைப் பதிவு செய்ய 1969லேயே தமிழ்நாட்டில் சட்டம் வந்துவிட்டது. ஆனால் பதிவு கேட்டுப் போனால் அடுத்த போகத்துக்கு நிலம் இருக்காது. அந்தப் பயத்திலேயே வாய்வார்த்தைக் குத்தகையில் காலம் ஓட்டுகிறோம். வியர்வை நம்முடையது. கடன் நம்முடையது. புயலடித்தால் நட்டம் நம்முடையது. நிவாரணம் மட்டும் பட்டாக்காரருடையது.

தோழர்களே, இது முதல் அநியாயம். இதைவிடப் பெரியதைக் கேளுங்கள்.

2020 ஆகஸ்ட். கொரோனா உச்சத்தில் இருந்தது. அலுவலகங்களில் பாதி ஆள் இல்லை. அப்போது கிசான் பயனாளிகளின் எண்ணிக்கை தமிழ்நாட்டில் திடீரென்று ஏறியது. யாரும் வயலை வந்து பார்க்கவில்லை. யாரும் சிட்டாவைச் சரிபார்க்கவில்லை. விண்ணப்பத்தை யார் வேண்டுமானாலும் இணையத்தில் ஏற்றலாம் என்று கதவைத் திறந்து வைத்திருந்தார்கள். அதற்கு ஒப்புதல் கொடுக்கிற பாஸ்வேர்டு அதிகாரியின் மேசையைவிட்டு வெளியே போனது. ஒப்பந்த ஊழியர் கைக்குப் போனது. புரோக்கர் கைக்குப் போனது. கம்ப்யூட்டர் சென்டருக்குப் போனது.

ஊருக்குள் ஆள் வந்தார்கள். கொரோனா நிவாரணம் வருது, ஆதார் கொடு, பாஸ்புக் கொடு என்றார்கள். வேலையில்லாமல் வீட்டில் கிடந்த சனம் கொடுத்தது. கொடுக்காமல் என்ன செய்யும்? அடுப்பு எரியவில்லை. அரசாங்கப் பணம் என்று சொல்கிறார்கள். பணமும் வந்தது. வந்ததில் ஒரு பங்கைக் கமிஷன் என்று புரோக்கர் எடுத்துக்கொண்டார்.

விழுப்புரம், கள்ளக்குறிச்சி, கடலூர், திருவண்ணாமலை என்று ஒவ்வொரு மாவட்டமாகக் குட்டு உடைந்தது. 13 மாவட்டங்களில் வழக்கு. சி.பி.சி.ஐ.டி. விசாரணை. மத்திய அரசின் கணக்குப்படி 5.95 லட்சம் பேரைச் சரிபார்த்தார்கள். அதில் 5.38 லட்சம் பேர் தகுதியில்லாதவர்கள். மீண்டும் படியுங்கள். 5.95 லட்சத்தில் 5.38 லட்சம்! 110 கோடி ரூபாய் போயிருக்கிறது என்று அப்போதைய வேளாண் துறைச் செயலர் ககன்தீப் சிங் பேடியே பத்திரிகையாளர்களிடம் சொன்னார்.

இது தமிழ்நாட்டோடு நிற்கவில்லை. வெங்கடேஷ் நாயக் என்ற தகவல் உரிமைச் செயற்பாட்டாளர் ஒரு மனு போட்டார். ஒரே ஒரு மனு. அதற்கு வந்த பதிலில் நாடு முழுக்க 20.48 லட்சம் தகுதியில்லாதவர்களுக்கு 1,364 கோடி ரூபாய் போனது 2021 ஜனவரியில் வெளியே வந்தது. அவர்களில் பாதிக்கும் மேல் யார் தெரியுமா? வருமான வரி கட்டுகிறவர்கள். அதே ஆண்டு ஜூலையில் வேளாண் அமைச்சர் நரேந்திர சிங் தோமர் நாடாளுமன்றத்தில் எண்ணிக்கையை இன்னும் ஏற்றிச் சொன்னார். 42 லட்சம் பேர். ஏறத்தாழ 3,000 கோடி. அதில் தமிழ்நாட்டின் பங்கு 7.22 லட்சம் பேர், 340 கோடி.

340 கோடி, தோழர்களே! ஒரு தவணை 2,000 என்று வைத்தால் 17 லட்சம் தவணை. எத்தனை குத்தகைக்காரர் வீட்டில் விதைநெல் வாங்கியிருக்கலாம்! எத்தனை கூலிக்காரர் வீட்டில் அரிசி வாங்கியிருக்கலாம்!

இனிதான் நெஞ்சு கொதிக்கிற இடம்.

பணத்தைத் திரும்ப வாங்க எங்கே போனார்கள்? புரோக்கரின் மாடி வீட்டுக்கா? இல்லை. பாஸ்வேர்டைக் கைமாற்றிவிட்ட மேசைக்கா? இல்லை. வங்கிக்குப் போனார்கள். கணக்கை முடக்கினார்கள். அந்தக் கணக்கு யாருடையது? ஆதாரைக் கொடுத்துவிட்டு, அரசாங்கம் உதவுகிறது என்று நம்பிய கூலிக்காரப் பெண்ணுடையது. நூறு நாள் வேலைக் கூலியும் அவளுக்கு அந்தக் கணக்கில்தான் வந்துகொண்டிருந்தது. கமிஷன் கொடுத்தது போக அவள் கையில் மிஞ்சியது கொஞ்சம். திரும்பக் கட்டச் சொன்னது முழுத் தொகை.

ஒப்பந்த ஊழியர்களை வேலையைவிட்டு நீக்கினார்கள். சிலரைப் பிடித்து உள்ளே வைத்தார்கள். அடிமட்டத்தில் இருந்தவன் மாட்டினான். அவனுக்கு மேலே இருந்தவன் யார்? மாவட்டம் மாவட்டமாக ஒரே மாதிரி நடந்ததே, இதை நடத்தியது யார்? எந்த ஊரில் எத்தனை பேர் ஏறினார்கள்? யாருடைய ஒப்புதலில் ஏறினார்கள்? வசூலித்த பணம் எவ்வளவு, வசூலிக்காதது எவ்வளவு? ஊர் ஊராக இந்தக் கணக்கை எந்தச் சுவரில் ஒட்டினார்கள்?

ஒட்டவில்லை. ஏன் ஒட்டவில்லை? ஒட்டினால் ஊர் படிக்கும். படித்தால் கேள்வி வரும்.

இன்னொரு கணக்கையும் மறந்துவிடாதீர்கள். 2021 பிப்ரவரி 5ஆம் தேதி அன்றைய முதல்வர் எடப்பாடி பழனிசாமி சட்டமன்றத்தில் கூட்டுறவுப் பயிர்க்கடன் தள்ளுபடி அறிவித்தார். கொரோனாவையும் புயலையும் காரணம் சொன்னார். 16.43 லட்சம் விவசாயிகள், 12,110 கோடி ரூபாய். தள்ளுபடி வேண்டும் என்று போராடியது நாம்தான். அதில் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் ஆட்சி மாறியதும் அந்தக் கடன்களில் முறைகேடு என்று புதிய கூட்டுறவு அமைச்சரே பேசினார். சரி, நம் ஊர்ச் சங்கத்தில் யாருடைய கடன் தள்ளுபடியானது? எந்த நிலத்துக்கு வாங்கிய கடன்? அந்த நிலத்தில் பயிர் இருந்ததா? அந்தப் பட்டியலையும் சங்கத்துச் சுவரில் காட்டு என்று கேட்டோமா? கேட்கவில்லை. தள்ளுபடியில் நம் பெயர் வந்தால் போதும் என்று இருந்துவிட்டோம்.

போதும் தோழர்களே. இருந்தது போதும்.

கேட்க நமக்கு என்ன அதிகாரம் என்று யாராவது கேட்டால் நிமிர்ந்து நின்று சொல்லுங்கள். 2005ஆம் ஆண்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டம், 4(1)(ஆ) பிரிவு, 12ஆவது கூறு. மானியத் திட்டங்கள் எப்படி நடக்கின்றன, எவ்வளவு பணம் ஒதுக்கப்பட்டது, பயனாளிகள் யார் யார் என்பதை அரசு அலுவலகம் தானாகவே வெளியிட வேண்டும். நாம் மனு போட்ட பிறகு அல்ல. தானாகவே! இதைச் செய்ய அவர்களுக்கு 2005லிருந்து அவகாசம் இருந்தது.

கிசான் திட்டத்தின் வழிகாட்டு நெறிமுறையும் இதையே சொல்கிறது. பயனாளிகள் பட்டியலை ஊராட்சியில் மக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும். விடுபட்டவர் முறையிட வழி வேண்டும். ஆண்டுதோறும் நூற்றுக்கு ஐந்து பயனாளிகளையாவது நேரில் போய்ச் சரிபார்க்க வேண்டும். எழுதியிருக்கிறார்கள். அச்சிட்டிருக்கிறார்கள். செய்யவைக்க வேண்டியது நாம்.

பட்டியல் இணையத்தில் இருக்கிறதே, போய்ப் பாருங்கள் என்பார்கள். விடாதீர்கள். இணையத்தில் இருப்பது வயதான விவசாயிக்குத் தெரியுமா? நடவுக்குப் போய்விட்டு இருட்டில் திரும்புகிற அக்காவுக்குத் தெரியுமா? ஊர் நடுவில் ஒட்டு. ஒலிபெருக்கியில் படி. இன்றைய பெயர்கள் மட்டும் போதாது. 2020 ஏப்ரலில் இருந்து ஒவ்வொரு தவணைக்கும் ஏறிய பெயர், நீக்கிய பெயர், திரும்ப வாங்கிய தொகை, எல்லாம் வேண்டும். எப்போது ஏறியது, யார் ஒப்புதல் கொடுத்தது, எந்தக் காரணத்தால் நீக்கியது, அதுவும் வேண்டும்.

பெயரைப் படித்தால் எதுவும் மாறாது என்று நினைக்கிறீர்களா? ராஜஸ்தானைப் பாருங்கள். பாலி மாவட்டம், கோட் கிரானா என்ற சின்ன ஊர். 1994 டிசம்பர் 2. மஸ்தூர் கிசான் சக்தி சங்கடனைச் சேர்ந்த உழைப்பாளிகள் ஊர் முன்னால் உட்கார்ந்து கூலிப் பட்டியலைச் சத்தமாகப் படித்தார்கள். ஒவ்வொரு பெயராகப் படித்தார்கள். நான் அந்த வேலைக்குப் போகவே இல்லையே என்று கூட்டத்திலிருந்து குரல் எழுந்தது. போகாதவர் பெயரில் கூலி, கட்டாத கட்டடத்துக்குச் செலவு என்று ஒவ்வொன்றாக வெளியே வந்தது. நம் பணம், நம் கணக்கு என்று முழங்கினார்கள். 1996ல் பியாவர் நகரத்தில் 40 நாள் தர்ணா உட்கார்ந்தார்கள். அந்த வெயிலில், அந்தத் தெருவில், கூலிக்காரர்கள் கிளப்பிய நெருப்புதான் 2005ல் டெல்லியில் சட்டமானது. படித்த கூட்டம் வந்து போட்டுத் தந்த சட்டம் அல்ல இது. உழைப்பாளி கேட்டு வாங்கிய சட்டம்!

அமெரிக்காவிலும் கொரோனாவைக் காட்டிப் பண்ணைகளுக்குப் பணம் கொடுத்தார்கள். 2020 ஏப்ரலில் நேரடித் தொகையாக மட்டும் 1,600 கோடி டாலர் அறிவித்தார்கள். அங்கே என்விரான்மென்டல் ஒர்க்கிங் குரூப் என்ற அமைப்பு, 1995 முதல் பண்ணை மானியம் வாங்கியவர் பெயரையும் தொகையையும் அரசிடம் கேட்டு வாங்கி எல்லோர் கண்ணிலும் படும்படி வைத்திருக்கிறது. கொரோனாப் பணமும் அதில் ஏறியது. பெரும் பங்கு பெரிய பண்ணைகளுக்குப் போனது தெரிந்தது. கறுப்பின விவசாயிகளுக்குக் கிடைத்தது நூற்றில் ஒரு பங்குகூட இல்லை என்பது வெளியே வந்தது. அந்த ஆட்சியாளர்கள் நல்லவர்கள் என்று சொல்லவில்லை. பெயர் வெளியே வந்தால்தான் சண்டையே தொடங்க முடியும் என்று சொல்கிறேன்.

ஏன் இப்போது என்று கேட்கிறீர்களா? கதவை மூடிக்கொண்டிருக்கிறார்கள், அதனால்தான் இப்போது!

2023ல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் கொண்டுவந்தார்கள். அதன் 44(3) பிரிவில் தகவல் உரிமைச் சட்டத்தின் 8(1)(ஒ) எனப்படும் தனிநபர் தகவல் விலக்கில் கைவைத்தார்கள். முன்பெல்லாம் பொது நடவடிக்கையோடு தொடர்பில்லாத, அல்லது அந்தரங்கத்தில் தேவையில்லாமல் தலையிடுகிற சொந்தத் தகவலைத்தான் மறுக்கலாம். நாடாளுமன்றத்துக்கும் சட்டமன்றத்துக்கும் மறுக்க முடியாததைக் குடிமகனுக்கும் மறுக்கக் கூடாது என்ற வரியும் இருந்தது. அந்த வரியை எடுத்துவிட்டார்கள். தனிநபர் தகவல் என்றால் மறுக்கலாம் என்று ஒரே போடாகப் போட்டுவிட்டார்கள். இனி பயனாளி பெயர் கேட்டால், அது சொந்தத் தகவல், தரமாட்டேன் என்று அதிகாரி சொல்லப் பார்ப்பார். சொல்லட்டும். பொதுநலன் பெரிதென்றால் கொடுக்கலாம் என்ற 8(2) பிரிவு இன்னும் இருக்கிறது. தானாக வெளியிடு என்ற 4ஆவது பிரிவு இன்னும் இருக்கிறது. இருக்கும்போதே பயன்படுத்துங்கள். பயன்படுத்தாத உரிமையை எடுத்துக்கொள்ள அவர்களுக்கு ஒரு ராத்திரி போதும்.

ஒன்றில் தெளிவாக இருங்கள் தோழர்களே. ஆதார் எண்ணைக் கேட்கவில்லை. வங்கிக் கணக்கு எண்ணைக் கேட்கவில்லை. அதை யாருக்கும் காட்டக் கூடாது. அதை வைத்துத்தான் 2020ல் திருடினார்கள். நாம் கேட்பது பெயர், ஊர், தொகை, தவணை, ஒப்புதல் கொடுத்த அதிகாரியின் பதவி. இது பொதுப் பணம். பொதுப் பணத்துக்கு ரகசியம் கிடையாது.

இன்னொன்றிலும் தெளிவாக இருங்கள். பட்டியலைப் படிப்பது பக்கத்து வீட்டு அக்காவை அசிங்கப்படுத்த அல்ல. அவள் 2,000 வாங்கினாள், பிறகு பறிகொடுத்தாள். அவளை ஊர் முன்னால் நிறுத்திக் கேலி செய்ய எவனாவது கிளம்பினால் முதலில் அவனை உட்காரச் சொல்லுங்கள். அவள் குற்றவாளி அல்ல. அவள் சாட்சி. யார் வந்து ஆதார் வாங்கினான், எங்கே பதிந்தான், எவ்வளவு கமிஷன் எடுத்தான் என்று சொல்ல அவளால்தான் முடியும். அவள் பக்கத்தில் உட்காருங்கள். பயப்படாதே அக்கா, நாங்க இருக்கோம் என்று சொல்லுங்கள். நம் கேள்வி மேலே போகட்டும், பாஸ்வேர்டு இருந்த மேசைக்குப் போகட்டும்.

இனி கசப்பான ஒன்று. பட்டியலில் நம் ஆள் பெயர் வந்தால்?

வரும். வரத்தான் செய்யும். மச்சான் பெயர் வரலாம். கட்சிக்காரர் பெயர் வரலாம். நம் சங்கத்துத் தோழர் ஒருவர் பெயரே வரலாம். படியுங்கள். சத்தமாகப் படியுங்கள். எதிராளியின் பெயரைப் படிக்கும்போது ஏறுகிற குரல், நம் ஆள் பெயர் வரும்போது இறங்கினால் அன்றோடு நம் பேச்சுக்கு மரியாதை போய்விடும். இதை எண்ணித்தான் நம்மில் பலர் பயப்படுகிறார்கள். அதிகாரிக்குப் பயப்படுவதைவிட இதற்குத்தான் அதிகம் பயப்படுகிறார்கள். இந்தப் பயத்தை வைத்துத்தான் நம்மைச் சும்மா உட்கார வைத்திருக்கிறார்கள்.

வேறு பயமும் இருக்கிறது. தெரியும். கேள்வி கேட்டால் குத்தகை போய்விடும் என்ற பயம். ஊரக வேலைத் திட்டத்தில் பெயரை விட்டுவிடுவார்கள் என்ற பயம். மேலத்தெருக்காரர் முறைப்பார் என்ற பயம். தனி ஆளாகக் கேட்டால் எல்லாம் நடக்கும். அதனால்தான் தனி ஆளாகக் கேட்காதே என்கிறேன். நாற்பது பேராகப் போ. பெண்களை முன்னால் உட்காரவை. ஒருவர் கேட்டு முடித்ததும் அடுத்தவர் அதே கேள்வியைக் கேளுங்கள். மூன்றாமவரும் அதையே கேளுங்கள். எத்தனை பேர் குத்தகையைப் பிடுங்குவார்கள்?

1968 டிசம்பர் 25. வெண்மணியில் கூலியாக அரைப்படி நெல் கூடுதலாகக் கேட்டதற்கு 44 உயிரைக் குடிசைக்குள் வைத்து எரித்தார்கள். கேட்டதற்கு அந்தக் கூலிக்காரர்கள் கொடுத்த விலை அது. அவர்கள் கேட்டதால்தான் நாம் இன்று நாற்காலியில் உட்கார்ந்து பேசுகிறோம். நம்மை யாரும் நெருப்பில் குதிக்கச் சொல்லவில்லை. எழுந்து நின்று ஒரு பட்டியலைக் கேட்கத்தான் சொல்கிறேன். அதற்குமா தயக்கம்?

மௌனமாக இருந்தால் என்ன ஆகும்? பார்த்துக்கொண்டுதானே இருக்கிறோம். திருடியவனைப் பிடிக்கிறேன் என்று ஒவ்வொரு வருஷமும் ஒரு புதுப் பூட்டு மாட்டுகிறார்கள். கைரேகை வை என்றார்கள். மண்ணில் தேய்ந்த விரலில் ரேகை விழவில்லை. ஆதாரை இணை என்றார்கள். இப்போது விவசாயிக்கென்று தனித்துவ அடையாள எண் வாங்கு என்கிறார்கள். வரிசையில் நிற்பது யார்? உண்மையான விவசாயி. வெளியே தள்ளப்படுவது யார்? அவரேதான். திருடியவன் எந்த வரிசையிலும் நிற்கவில்லை. சரிபார்ப்பை ஊர் கையில் கொடுத்திருந்தால் ஒரு மணி நேர வேலை. இந்த நிலத்தை உழுகிறவர் யார் என்று ஊருக்குத் தெரியாதா? எந்த இயந்திரம் நம்மைவிட நன்றாகச் சொல்லும்?

ஊர் கூடிவிடக் கூடாது என்பதுதான் அவர்கள் கவலை. 2020 அக்டோபர் 2ஆம் தேதி கிராம சபையைக் கொரோனா என்று சொல்லி ரத்து செய்தார்கள். கிசான் மோசடி அம்பலமாகிச் சில வாரம்தான் ஆகியிருந்தது. டாஸ்மாக் கடை திறந்திருந்தது. ஊர் கூடிக் கணக்குக் கேட்கிற திண்ணை மட்டும் மூடியிருந்தது.

இன்று திறந்திருக்கிறது, தோழர்களே! ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. வருஷத்துக்கு ஆறு கிராம சபை. அடுத்தது எதுவோ அதற்குப் போங்கள். மே 1 என்றால் கொடி ஏற்றிய கையோடு போங்கள்.

போகும்போது ஆளோடு போங்கள். 500 பேர் வரை உள்ள ஊரில் 50 பேர் வேண்டும். 3,000 வரை என்றால் 100 பேர். 10,000 வரை 200. அதற்கு மேல் 300. ஆள் குறைந்தால் கூட்டம் செல்லாது. ஆள் குறைவாக இருந்தால் அவர்களுக்கு நல்லது. நிறைந்தால் நமக்கு நல்லது.

வெற்றுத் தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். இது ரொம்ப முக்கியம். வந்ததும் நோட்டை நீட்டுவார்கள். கையெழுத்து வாங்கிக்கொண்டு டீ கொடுத்து அனுப்பிவிடுவார்கள். பிறகு அந்தக் கையெழுத்துக்கு மேலே அவர்கள் இஷ்டத்துக்குத் தீர்மானம் எழுதிக்கொள்வார்கள். உட்காருங்கள். கடைசிவரை உட்காருங்கள். கிசான் பட்டியலையும் தள்ளுபடிப் பட்டியலையும் ஊராட்சி அலுவலகத்திலும் கூட்டுறவுச் சங்கத்திலும் ஒட்ட வேண்டும், அடுத்த கிராம சபையில் சத்தமாகப் படிக்க வேண்டும், விடுபட்ட குத்தகைதாரர், பெண் விவசாயி, கூலித் தொழிலாளி பெயர்களை ஊரே சொல்லி எழுத வேண்டும் என்று தீர்மானம் கொடுங்கள். அதைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள். எழுதியதைப் படித்துக்காட்டச் சொல்லுங்கள். அப்புறம் கையெழுத்து. இது அஜெண்டாவில் இல்லை என்பார் கூட்டத்தைப் பார்வையிட வந்த அரசுப் பற்றாளர். பரவாயில்லை, எழுதுங்கள் என்று நாற்பது குரலில் சொல்லுங்கள். தலைவர் இருந்தாலும் சரி, தனி அலுவலர் இருந்தாலும் சரி, சொல்லுங்கள்.

ஆனால் கிராம சபைக்காகக் காத்திருக்காதீர்கள். வேலையை இன்றே தொடங்குங்கள்.

ஒரு வெள்ளைத் தாள் எடுங்கள். பொதுத் தகவல் அலுவலர், வேளாண்மை உதவி இயக்குநர் அலுவலகம் என்று உங்கள் வட்டாரத்தின் பெயரைப் போடுங்கள். எங்கள் ஊராட்சியில் 2020 ஏப்ரல் முதல் கிசான் தொகை பெற்றவர், நீக்கப்பட்டவர், திரும்பச் செலுத்தியவர் பட்டியல் தாருங்கள் என்று எழுதுங்கள். ஆவணங்களை நேரில் பார்வையிட அனுமதி கேளுங்கள். நூற்றுக்கு ஐந்து பேரை நேரில் சரிபார்த்த அறிக்கையைக் கேளுங்கள். 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டுங்கள். ஸ்பீட் போஸ்டில் அனுப்புங்கள். 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் மேல்முறையீடு. காரணமில்லாமல் மறுக்கிற அதிகாரிக்கு ஒரு நாளைக்கு 250 ரூபாய் வீதம் 25,000 வரை அபராதம் போடச் சட்டத்தில் இடம் இருக்கிறது. அதையும் மனுவின் கடைசி வரியில் நினைவூட்டுங்கள்.

எழுதத் தெரியாத தோழருக்கு எழுதித் தாருங்கள். பயப்படுகிற தோழரோடு கூடப் போங்கள். ஒரு ஊரிலிருந்து ஒரு மனு போனால் குப்பைக்கூடைக்குப் போகும். ஒரு வட்டாரத்திலிருந்து இருநூறு மனு போகட்டும். எந்தக் கூடையில் போடுவார்கள் என்று பார்ப்போம்.

தோழரே, இதைப் படித்து முடித்ததும் பக்கத்துத் தோழரிடம் கொடுங்கள். இன்று ராத்திரி மனுவை எழுதுங்கள். நாளைக் காலை தபால் நிலையம் திறக்கும்போது வாசலில் நில்லுங்கள்.